அம்மாவின் தூக்க நோட்டு: ஒரு திருச்சி வீட்டின் பத்து மாதக் கதை

அம்மாவுக்கு வயது 62. அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினான்கு மாதம் சரியான தூக்கம் இல்லாமல் தவித்த பிறகு, போன ஏப்ரலில் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். அந்த நோட்டும், கூடவே இருந்து நான் பார்த்ததும்தான் இந்த ஆய்வுக்கு அடிப்படை. எழுதி முடித்ததும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் எண்களைத் திருத்தினார். மற்றபடி எழுதியது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால், "சீக்கிரம் போய்ப் படு, நல்லா ரெஸ்ட் எடு" என்பதுதான் நம் வீடுகளில் முதலில் சொல்வது. நானும் அதைத்தான் அம்மாவிடம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தூக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது அதற்கு நேர் எதிரான வழி. படுக்கையில் கிடக்கும் நேரத்தைப் பிடித்துச் சுருக்கினார்கள். அது எப்படி நடந்தது, நடுவில் எங்கே தடுமாறியது என்பதை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

வீடும் ஆட்களும்

எங்கள் வீடு உறையூர் பக்கம், தொண்ணூறுகளில் கட்டிய மாடி வீடு. அப்பா அம்மா படுப்பது மாடி அறையில். தலைக்கு மேலே நேராக கான்கிரீட் தளம். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் தளம், பாதி ராத்திரி வரைக்கும் அதை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். சித்திரை வைகாசியில் திருச்சியில் மாடியில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அம்மா நோட்டு எழுத ஆரம்பித்ததற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வாரத்திலிருந்து அம்மாவின் தூக்கம் போனது. முதலில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. புருஷனை ஐசியூவில் பார்த்துவிட்டு வந்த பெண் எப்படித் தூங்குவார்? ஆறு மாதம் கழித்து அப்பா காலை நடைக்குப் போக ஆரம்பித்தார், கடை கண்ணிக்குப் போய் வந்தார். அம்மா மட்டும் ராத்திரி விழித்தபடியே கிடந்தார்.

வாரத்தில் மூன்று நாளுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அம்மா அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தார். பகலில் சிடுசிடுப்பு, சாம்பாரில் உப்பை இரண்டு முறை போடுவது, பேச்சு நடுவில் வார்த்தை மறந்து நிற்பது எல்லாம் வந்துவிட்டது. தினமும் தானே வாசலில் கோலம் போட்டவர் அதை விட்டுவிட்டார். வேலைக்கு வரும் அக்கா போடட்டும் என்றார். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதலில் செய்து பார்த்தவை

ஜாதிக்காய் இழைத்த பால், கசகசா, உள்ளங்காலில் விளக்கெண்ணெய், போனில் மெதுவாக ஓடும் பாராயணம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாள் வேலை செய்வது போல இருக்கும், அப்புறம் நின்றுவிடும். அதில் எதையும் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் தேய்த்துவிடுவதில் இருக்கும் ஆறுதல் நிஜமானது. ஆனால் அம்மாவின் சிக்கல் அங்கே இல்லை.

நான் வருத்தப்படுவது மாத்திரைக்கு. தெரிந்த மருந்துக் கடையில் சொன்னதும், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் ஒரு அட்டை கொடுத்துவிட்டார்கள். அரை மாத்திரை போட்டால் போதும் என்றார்கள். நம் நாட்டில் அது எச்-1 பட்டியலில் இருக்கும் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மா அதை மூன்று வாரம் போட்டார். தூக்கம் வந்தது. கூடவே காலையில் ஒரு மாதிரியான தள்ளாட்டமும் வந்தது. ஒரு நாள் விடியற்காலை குளியலறையில் கால் தடுமாறி, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே கீழே விழுவதும், இடுப்பெலும்பு உடைவதும், நினைவு மங்குவதும்தான். அன்று குழாய் கைக்கு எட்டாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

மருத்துவரும் நோட்டும்

மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதும், "எனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று அம்மா கேட்டார். தூக்கத்துக்கென்றே பார்ப்பவர் அவர்தான் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அவர் முதலில் தைராய்டு, ரத்தச் சோகை, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொன்னார். மூன்றும் சரியாக இருந்தன. பிரஷர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் டெல்மிசார்ட்டானோடு ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்திருந்தது. இந்த இரண்டாவது மருந்து சிறுநீரை அதிகம் வெளியேற்றுவது. அம்மா அதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவந்தார். காலைக்கு மாற்றலாமா என்று இதய மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு மாற்றினோம். ராத்திரி மூன்று தடவை எழுந்தவர் அந்த வாரத்திலேயே ஒரு தடவைக்கு வந்துவிட்டார். ஒரு மாத்திரையின் நேரத்தில் இவ்வளவு இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. அல்பிரசோலத்தை மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

அப்புறம்தான், "எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"ஒன்பதுக்கெல்லாம் படுத்துருவேன் டாக்டர். ஆறு மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அப்படியாவது கொஞ்சம் தூங்க மாட்டமான்னுதான்."

இரண்டு வாரம் நோட்டில் எழுதி வரச் சொன்னார். படுத்த நேரம், ஏறக்குறைய தூங்கிய நேரம், நடுவில் எத்தனை முறை விழிப்பு, அது எவ்வளவு நேரம் நீடித்தது, கடைசியாக விழித்தது, படுக்கையை விட்டு எழுந்தது, பகல் தூக்கம், காபி. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். ராத்திரி மணி பார்க்கக் கூடாது, காலையில் எழுந்து உத்தேசமாக எழுதினால் போதும் என்றார். மணி பார்க்கப் பார்க்க, இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அம்மாவோ கணக்கு டீச்சர். மாடி அறையிலிருந்த சுவர்க் கடிகாரத்தை அன்றே கழற்றினோம்.

இரண்டு வாரச் சராசரியை அம்மாவே போட்டார். படுத்தது 9.05, எழுந்தது காலை 6.10. படுக்கையில் இருந்தது 545 நிமிடம். தூங்கியது 310 நிமிடம். படுக்கையில் இருந்த நேரத்தில் எவ்வளவு தூங்கினோம் என்ற விகிதத்தைத் தூக்கத் திறன் என்கிறார்கள். நன்றாகத் தூங்குபவர்களுக்கு அது 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். அம்மாவுக்கு 57.

மிச்சம் 235 நிமிடம், கிட்டத்தட்ட நாலு மணி நேரம், தினமும் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறார். அந்த எண்ணை நோட்டில் பார்த்த பிறகுதான் அம்மாவின் பகல் சிடுசிடுப்பு எனக்குப் புரிந்தது.

ஏன் இது நீடித்தது

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980களில் தூக்கமின்மையை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்த்தார். ஒருவருடைய இயல்பு ஒன்று. தொடக்கிவைத்த சம்பவம் ஒன்று. சம்பவம் ஓய்ந்த பிறகும் அதை ஓட வைக்கும் பழக்கங்கள் மூன்றாவது. அம்மா இயல்பாகவே எல்லோருக்கும் சேர்த்துக் கவலைப்படுபவர். அப்பாவின் நெஞ்சுவலி தொடக்கிவைத்தது. நீடிக்க வைத்ததெல்லாம் தூங்குவதற்காக அவர் எடுத்த முயற்சிகள். சீக்கிரம் படுப்பது, விடிந்த பிறகும் கிடப்பது, மதியம் ஒன்றரை மணி நேரம் படுத்து ஈடுகட்டுவது.

தூக்கத்துக்கு ஒரு பசி உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச் சேரத்தான் கண் சொருகும். மதியத் தூக்கம் அதைக் கரைத்துவிடும், சாயங்காலம் சாப்பிட்ட நொறுக்குத்தீனி ராத்திரிப் பசியைக் கெடுக்கிற மாதிரி. காபியில் இருக்கும் காஃபின் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, பசியே தெரியாமல் செய்துவிடும். குடித்த காஃபினில் பாதி உடம்பிலிருந்து போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அம்மாவின் இரண்டாவது டம்ளர் மாலை நாலரைக்கு. ஒன்பது மணிக்குப் படுக்கும்போது அதில் பாதி உள்ளேதான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் தினம் நாலு மணி நேரம் விழித்துக் கிடந்தால், கட்டில் என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிக்கொள்கிறது. ஹாலில் சீரியல் பார்க்கும்போது சொக்கி விழும் அம்மா, கட்டிலில் படுத்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்வார். அதை அவர் தன் துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தார்.

பன்னிரண்டு மணி வரை

மருத்துவர் கொடுத்த திட்டம் எளிமையானது, ஆனால் கொடுமையாகவும் இருந்தது. அம்மா உண்மையில் தூங்குவது ஐந்து மணி நேரம் பத்து நிமிடம். ஆகவே படுக்கைக்கு ஐந்தரை மணி நேரம் மட்டும். ராத்திரி 12 மணிக்கு முன்னால் கட்டில் பக்கம் போகக் கூடாது. காலை 5.30க்கு எப்படித் தூங்கியிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். ஒரு வாரத்துச் சராசரியில் தூக்கத் திறன் 85ஐத் தொட்டால் கால் மணி நேரம் கூட்டலாம். 80க்குக் கீழே போனால் கால் மணி நேரம் குறைக்க வேண்டும். இடையில் நின்றால் அப்படியே தொடரலாம். மதியம் நாற்காலியில் சாய்ந்து இருபது நிமிடம், அதற்கு மேல் கூடாது. இந்த முறையை ஸ்பீல்மனும் உடன் வேலை செய்தவர்களும் 1987இல் வெளியிட்டார்கள். அதோடு சேர்த்துக் கொடுத்த இன்னொரு விதி ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் சொன்னது: படுத்து இருபது நிமிடம் ஆனது போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். கண் சொருகினால் மட்டும் திரும்பி வரலாம். இவையெல்லாம் சிபிடி-ஐ என்ற சிகிச்சையின் பகுதிகள். தூக்கமின்மைக்காக எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை அது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்னால் முதலில் கொடுக்க வேண்டியது இதுதான் என்று பரிந்துரைத்தது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள், தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள், பஸ் லாரி ஓட்டுபவர்கள், உயரத்தில் ஏறி வேலை செய்பவர்கள் இந்த நேரச் சுருக்கத்தைத் தாங்களாகச் செய்யக் கூடாது. தூக்கக் குறைவே அவர்களுக்கு ஆபத்தை இழுத்துவரும். அம்மாவுக்கும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

முதல் வாரம் போல ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்ததில்லை. ஒன்பதரைக்கு அப்பா படுத்துவிடுவார். அதன் பிறகு இரண்டரை மணி நேரம் அம்மாவை விழிக்க வைப்பது என் வேலை. டிவி முன்னால் உட்கார விட்டால் பத்து நிமிடத்தில் தலை சாய்ந்துவிடும். படுக்கப்போகும் நேரத்தில் அந்தப் பத்து நிமிடமே சேர்த்துவைத்த பசியைக் குறைத்துவிடும். மறுநாளைக்கு உளுந்தில் கல் பொறுக்கினார். பழைய போட்டோக்களை ஆல்பத்தில் ஒழுங்குபடுத்தினார். மூன்றாம் நாள் பரணிலிருந்து பாட்டியின் பல்லாங்குழியை இறக்கினேன். ராத்திரி பதினொரு மணிக்கு, ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில், நானும் அம்மாவும் புளியங்கொட்டை வைத்து ஆடினோம். அம்மா ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. நடுநடுவே, "என்னைப் படுக்க விடுடி, செத்துப் போயிருவேன் போலிருக்கு" என்று கெஞ்சினார். பதினான்கு மாதத்தில் அவர் தூக்கம் வருகிறது என்று சொன்னதே அன்றைக்குத்தான்.

அந்த வாரம் தூங்கியது சராசரி 275 நிமிடம். முன்பைவிடக் குறைவு. பகலில் முகம் வாடித் தெரிந்தது. கேஸ் அடுப்புப் பக்கம் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை, சமையலை நான் எடுத்துக்கொண்டேன். இதைச் செய்யப்போகிற வீடுகளில் முதல் இரண்டு வாரம் கூட ஒரு ஆள் இருப்பது நல்லது என்பேன். இரண்டாம் வாரம் 330 நிமிடத்தில் 298 தூங்கினார். 90 விழுக்காடு. படுத்த உடனே தூங்கிப்போனதாக அந்த வாரத்தில் நாலு நாள் எழுதியிருக்கிறார். படுக்கை நேரம் 11.45க்கு வந்தது, அடுத்த வாரம் 11.30க்கு வந்தது.

ஐந்தரைக்கு எழுந்துவிடுவதால் வாசல் தெளிக்கும் வேலையும் தானாகவே அம்மாவிடம் திரும்பி வந்தது. வேலைக்கார அக்கா வர ஏழு மணி ஆகும், அதுவரை வாசலை அப்படியே விட அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆறு மணி வெளிச்சத்தில் அரை மணி நேரம் தெருவில் நின்று கோலம் போட்டார். மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரத்தை நிலைப்படுத்துவதில் காலை வெளிச்சத்துக்கு இணையாக வேறு எதுவும் இல்லை. எத்தனை மணிக்குத் தூக்கம் வர வேண்டும் என்பதை எத்தனை மணிக்கு வெளிச்சம் கண்ணில் பட்டது என்பதை வைத்துத்தான் அது தீர்மானிக்கிறது.

அறையையும் மாற்றினோம். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு அறை வெப்பமானி வாங்கி, மே மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு மாடியில் வைத்தேன், 34 டிகிரி. கீழே கிழக்கு அறையில் 31. தூங்கப்போகும்போது உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்கியாக வேண்டும். கை கால் வழியாக வெப்பம் வெளியே போனால்தான் அது இறங்கும். 34 டிகிரி அறையில் அது எங்கே போகும்? கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம். கொசுவலைக்குள் சீலிங் ஃபேன் காற்று சரியாக வராததால் பக்கவாட்டில் ஒரு ஸ்டாண்டு ஃபேன் வைத்தோம். இரண்டாவது காபி மதியம் பன்னிரண்டரைக்கு நகர்ந்தது, அதுவும் அரை டம்ளர். சாயங்காலம் விருந்தாளி வந்தால் கூட உட்கார்ந்து குடிக்காமல் இருப்பது அம்மாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

குறட்டை நின்றால்

நோட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் அம்மா பல நாள் ஒரே வார்த்தையை எழுதியிருந்தார். "மூச்சு." வேறு எதுவும் இல்லை. நான் அதை அம்மாவின் சொந்தக் குறிப்பு என்று விட்டுவிட்டேன். மருத்துவர் விடவில்லை. யாருடைய மூச்சு என்று கேட்டார்.

"அவரோடது டாக்டர். குறட்டை விட்டா எனக்கு ஒண்ணும் இல்லை. முப்பத்தஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டுதானே படுக்கிறேன். குறட்டை நின்னாத்தான் பயம். நின்னதும் முழிச்சிருவேன். திரும்ப மூச்சு இழுக்கற வரைக்கும் கையை அவர் நெஞ்சு மேல வச்சுக்கிட்டு இருப்பேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை ராத்திரி இப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா பதினான்கு மாதமாகக் காவல் இருந்திருக்கிறார். அதை வியாதி என்று எழுதிக் கொடுத்து நாங்கள் மாத்திரை போட்டு அமுக்கியிருக்கிறோம்.

அடுத்த முறை அப்பாவையும் அழைத்து வரச் சொன்னார். அங்கே கேட்ட எட்டு கேள்விகள் உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துபவை: சத்தமான குறட்டை உண்டா, பகலில் அசதி உண்டா, மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா, உடல் பருமனைக் காட்டும் பிஎம்ஐ எண் 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. அப்பாவுக்குப் பருமன் தவிர ஏழுக்கும் ஆம். ஐந்து வந்தாலே ஆபத்து அதிகம் என்று அர்த்தம். அப்பாவின் சட்டைக் காலர் சில வருடமாக இறுக்கிப் பிடிப்பதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அப்பா சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். நான்காம் வாரக் கடைசியில்தான் சம்மதித்தார். ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்பினார்கள். மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். வீட்டுக் கட்டிலில் எப்போதும் போலப் படுத்துத் தூங்கினார். மணிக்கு 34 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு என்கிறார்கள். முப்பதைத் தாண்டினாலே கடுமையான வகை. இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டுக் கொஞ்சம் விழித்துப் பாதையைத் திறக்கிறது. தூங்குபவருக்கு இது தெரியவே தெரியாது. ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் இதனோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ஸ்டென்ட் வைத்த ஒருவரிடம், குறட்டை விடுவீர்களா என்று பதினான்கு மாதம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஐந்தாம் வாரம் அம்மாவின் கணக்கு சரிந்தது. 375 நிமிடத்தில் 294, 78 விழுக்காடு. காரணம் வெளிப்படை. தான் பயந்தது நிஜம் என்று ரிப்போர்ட்டே சொன்ன பிறகு எந்த மனைவி தூங்குவார்? விதிப்படி கால் மணி நேரத்தைக் குறைக்க வேண்டும். மருத்துவர் குறைக்காமல் நிறுத்திவைத்தார், முதலில் அப்பாவுக்குக் கருவி வரட்டும் என்றார். அது சரியான முடிவு. ஒரு வாரத்து எண்ணை மட்டும் பார்த்து அவர் வெட்டியிருந்தால் அம்மா நோட்டையே மூடிவைத்திருப்பார்.

ஆறாம் வாரம் சிபேப் கருவி வந்தது. முகமூடி வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை மூடாமல் பிடித்துவைக்கும் கருவி. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981இல் இதை முதன்முதலில் எழுதினார். அப்பா முதல் நாலு நாள் பாதி ராத்திரியில் கழற்றி எறிந்தார். மூக்கின் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய வகைக்கு மாற்றிய பிறகு பொறுத்துக்கொண்டார். அவரைச் சம்மதிக்க வைத்தது எங்கள் யாருடைய பேச்சும் இல்லை. கருவி வந்த இரண்டாம் வாரம் ஒரு மதியம், சாப்பிட்ட பிறகு நாற்காலியில் தூங்கிப்போகாமல் பேப்பர் முழுவதும் படித்து முடித்தார். அதை அவரே கவனித்தார்.

அந்தக் கருவிக்கு ஒரே சீரான, மெல்லிய சத்தம் உண்டு. அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. ஏழாம் வார நோட்டில் குறிப்பு கட்டம் ஐந்து நாள் காலியாக இருக்கிறது.

கணக்கு

ஒன்பதாம் வாரத்தில் படுக்கை நேரம் 10.45இலிருந்து 5.30 வரை என்று நிலைத்தது. 405 நிமிடத்தில் 350 நிமிடத் தூக்கம், 86 விழுக்காடு. தொடக்கத்தோடு ஒப்பிட்டால் தூக்கம் கூடியது வெறும் நாற்பது நிமிடம்தான். இதைச் சொன்னால் சிலர், இவ்வளவு பாடும் இதற்காகவா என்று கேட்கிறார்கள். நோட்டின் இன்னொரு எண்ணைப் பாருங்கள். படுக்கையில் விழித்துக் கிடந்த நேரம் 235 நிமிடத்திலிருந்து 55 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. தினமும் மூன்று மணி நேரப் பயமும் கணக்கும் இருட்டும் அம்மாவின் ராத்திரியிலிருந்து போயிருக்கின்றன. அப்புறம், அந்த 350 நிமிடம் துண்டு துண்டாக இல்லாமல் பெரும்பாலும் ஒரே இழையாக வருகிறது. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது.

எது எவ்வளவு உதவியது என்று இதில் பிரித்துச் சொல்ல வழியில்லை. மாத்திரை நேரம், அறை, காபி, படுக்கைச் சுருக்கம், அப்பாவின் கருவி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. என் கணிப்பு இது: அப்பாவின் கருவி மட்டும் வந்திருந்தால் அம்மா தூங்கியிருக்க மாட்டார், ஏனென்றால் கட்டிலைக் கண்டால் விழிப்பது அதற்குள் பழக்கமாகிவிட்டது. அதே போல, கருவி வராமல் படுக்கை நேரத்தை மட்டும் சுருக்கியிருந்தால் ஐந்தாம் வாரம் போல ஒவ்வொரு வாரமும் சரிந்திருக்கும். வீட்டில் ஒருவர் தூங்கவில்லை என்றால் பக்கத்தில் படுப்பவர் எப்படித் தூங்குகிறார் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்காக ராத்திரி பஸ்ஸில் நாகர்கோவில் போய் வந்ததில் நாலு நாள் கெட்டது. பழைய பழக்கத்தில் ஒன்பது மணிக்கே படுக்கப் போனார். நான் பல்லாங்குழியை எடுத்து வைத்தேன், உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரத்தில் சரியானது. மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து கோலம் போட வேண்டும் என்று மொத்த அட்டவணையையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார். ஒரே நாளில் தள்ளாமல் மூன்று நாளுக்குக் கால் மணி என்று நகர்த்தினார். அதை யாரும் சொல்லித்தரவில்லை. மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் பூசணிப்பூ வைத்தார்.

நோட்டு இப்போது வாரத்துக்கு ஒரு வரி. ஜனவரியில் மட்டும் ஒரு ராத்திரிக்குத் தனியாக எழுதியிருக்கிறார்: "நடுராத்திரி கரண்ட் போச்சு. ஃபேன் நின்னது தெரியலை. மெஷின் நின்னதும் முழிச்சுட்டேன். அவருக்கு மூக்கில் இருந்ததைக் கழட்டி விட்டேன். கரண்ட் வந்ததும் மாட்டிவிட்டுப் படுத்தேன், உடனே தூங்கிட்டேன்."

இன்வர்ட்டர் லைன் அதுவரை ஹாலுக்கும் மாடிக்கும்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் கீழ் அறைக்கும் இழுத்தோம்.